மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகங்களின் பாதுகாப்பு மேலாண்மையை மதிப்பிடுதல்: இருப்பும் இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி ஆய்வகத்தின் பாதுகாப்பை மதிப்பிடும் படிவங்கள் பெரும்பாலும் பொருள்களின் இருப்பையே கணக்கெடுக்கின்றன. தீயணைப்பான் உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா என்னும் வினாக்களுக்கு ‘உண்டு’ என்ற விடை கிடைத்தவுடன் மதிப்பீடு முடிந்துவிடுகிறது. அப்பொருள் தேவைப்படும் நொடியில் இயங்குமா என்பதும், இடரை விளைவிக்கும் வேதிப்பொருள் அந்த அறையில் இருக்கத்தான் வேண்டுமா என்பதும் கேட்கப்படுவதில்லை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மதிப்பீட்டு முறையில் உள்ள இவ்விடைவெளியை இக்கட்டுரை விளக்குகிறது. இருப்புப் பதிவேடும் செய்முறைத் தேர்வும் ஆய்வகப் பாதுகாப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பது இதில் சிறப்பாக ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஆய்வகப் பாதுகாப்பு, இடர் மதிப்பீடு, இருப்புப் பதிவேடு, செய்முறைத் தேர்வு, ஆய்வக உதவியாளர்

முன்னுரை

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் பின்னர் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பிற்கு இணங்க அமைதல் வேண்டும், தீயணைப்புக் கருவிகள் இருத்தல் வேண்டும், அவற்றைக் கையாள ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்பன அத்தீர்ப்பின் உள்ளடக்கத்துள் அடங்கும். 2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

இவற்றால் பள்ளியைப் பார்க்கும் பார்வை மாறியது என்பதில் ஐயமில்லை. கூரை, படிக்கட்டு, வெளியேறும் வழி, சமையற்கூடம் ஆகியன ஆய்வாளரின் கண்ணுக்குள் வந்தன. எனினும், கட்டடத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ஆய்வகமும் ஓர் அறையே. பள்ளியின் ஏனைய அறைகளில் தீ தவறுதலாகப் பற்றக்கூடும். ஆய்வகத்திலோ நாம் தீயை வேண்டுமென்றே மூட்டுகிறோம். பதினாறு வயது மாணவர் கையில் அடர் கந்தக அமிலம் உள்ள குப்பியை நாமே கொடுக்கிறோம். ஆகவே ஏனைய அறைகளுக்குப் பொருந்தும் அளவுகோல் இவ்வறைக்குப் போதாது. வேதியியல் ஆய்வகங்களின் பாதுகாப்பிற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4209 என்னும் நெறித்தொகுப்பை வகுத்துள்ளது. ஆயினும் அது வேதியியல் ஆய்வகங்கள் அனைத்திற்கும் பொதுவானது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையும், மணி அடித்ததும் உள்ளே வரும் அடுத்த அணியும், ஒரே உதவியாளரும் கொண்ட பள்ளிச் சூழலை மனத்திற்கொண்டு அதனை விரித்துரைக்கும் வேலை நம்முடையதாகிறது.

‘உண்டு’ என்னும் விடையின் பொருள்

ஆய்வகப் பாதுகாப்பு குறித்த கல்வியியல் ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் கருவி வினாநிரலாகும். ஆசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ அது வழங்கப்படுகிறது, விடைகள் எண்களாக மாற்றப்படுகின்றன, சராசரி கணக்கிடப்படுகிறது. இம்முறையில் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, பொருளின் இருப்பைக் கேட்கும் வினா அதன் இயக்கத்தைக் கேட்பதில்லை. கண்ணில் அமிலம் தெறித்தால் செய்ய வேண்டியதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தர நெறியான ஆன்சி இசட்-358.1 கூறும் அளவுகள் தெளிவானவை: கண் கழுவும் அமைப்பை 10 நொடிக்குள் அடையக்கூடியதாய் இருத்தல் வேண்டும், நிமிடத்திற்குக் குறைந்தது 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் நீர் இடைவிடாது பாய வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 22.5 லிட்டர் வருகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் குடம். விலையுயர்ந்த கண் கழுவி இல்லாத பள்ளியிலும் குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயைக் கொண்டு இதனைச் செய்துவிடலாம். ஆனால் மேல்நிலைத் தொட்டியில் அந்நேரம் நீர் இருக்க வேண்டும். காலையில் ஏற்றிய நீர் மதிய இடைவேளையில் தீர்ந்துவிடும் பள்ளியில், பிற்பகல் செய்முறை வகுப்பிற்கு வரும் அணி காலை அணியைக் காட்டிலும் பாதுகாப்புக் குறைந்த அறைக்குள் நுழைகிறது. ‘நீர் வசதி உண்டா?’ என்ற வினா இரு அணிகளுக்கும் ஒரே விடையைத்தான் தரும். ‘பிற்பகல் மூன்று மணிக்கு இக்குழாயைத் திறந்து 15 நிமிடம் விடுங்கள்’ என்னும் சோதனை உண்மையைச் சொல்லும்.

மணல் வாளியும் இவ்வாறே. சிவப்பு வண்ணம் பூசப்பட்டு வாயிலில் தொங்கும் அது எல்லாப் படிவங்களிலும் மதிப்பெண் பெறுகிறது. அதனுள் மணலுக்கு மேல் உடைந்த சுண்ணக்கட்டிகளும் காகிதத் துண்டுகளும் கிடப்பதை ஆய்வகத்தில் பணியாற்றியோர் அறிவர். புகைக்கூண்டு உள்ள பள்ளிகளில் அது பல வேளைகளில் கூடுதல் அலமாரியாகப் பயன்படுகிறது. இரண்டாவது வாயில் கட்டடத்தில் இருக்கிறது. அதன் குறுக்கே பீரோ நிற்கிறது. இவை எவற்றையும் பொய்யான விடைகள் என்று கூற இயலாது. கேட்கப்பட்ட வினாவிற்கு உண்மையான விடைகளே அவை.

இரண்டாவது குறை சராசரியில் உள்ளது. பத்துக் கூறுகளில் ஒன்பது செம்மையாக அமைந்து, நீர் மட்டும் இல்லாத ஆய்வகம் நூற்றுக்குத் தொண்ணூறு பெறுகிறது. தேர்வுத்தாளுக்கு இது நியாயமான கணக்கு, பாதுகாப்பிற்கு அன்று. முதலுதவிப் பெட்டியின் நிறைவு நீரின்மையை ஈடுசெய்யாது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியால் அளக்கப்படுவதுபோல், இங்குக் கூட்டுத்தொகையைவிட மிகக் குறைந்த மதிப்பே பொருளுடையது. நீர், எரிவாயுத் தலைவால்வு, வெளியேறும் வழி ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றைய செய்முறை நடைபெறலாகாது என்று கொள்வதே தகும். ஆய்வு முடிவுகளை ‘மிதமான அளவில் பாதுகாப்பு உள்ளது’ என்ற தொடரால் முடிக்கும் வழக்கம் இக்காரணத்தால் கட்டுரையாளர்க்கு உடன்பாடானதன்று.

இருப்புப் பதிவேடு

ஆய்வகத்தில் மிகுந்த கவனத்துடன் பேணப்படும் ஆவணம் இருப்புப் பதிவேடேயாகும். பொருள் வந்த நாள், அளவு, வழங்கிய நாள், மீதி என அது நிரல்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். பொதுப்பணத்தில் வாங்கிய பொருள் களவு போகாமல் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் முறையானது. ஆனால் அதன் உள்ளமைப்பு பாதுகாப்பிற்கு நேர் எதிராக இயங்குகிறது என்பது உரிய அளவில் கவனிக்கப்படவில்லை.

ஆண்டுதோறும் நிகழும் இருப்புச் சரிபார்ப்பில் குறைவு கேள்விக்குள்ளாகிறது, மிகுதி கேள்விக்குள்ளாவதில்லை. பாட்டில் அலமாரியில் இருந்தால் ஆசிரியருக்கு இடர் இல்லை. இல்லையென்றால் விளக்கம் தர வேண்டும். எனவே முப்பதாண்டுகளுக்கு முன் வாங்கிய பொருளும், பாடத்திட்டத்திலிருந்து நீங்கிய பொருளும், பெயரொட்டி உதிர்ந்த பொருளும் பொறுப்பு ஏற்பவரிடம் கையளிக்கப்பட்டுக்கொண்டே வருகின்றன. பணிமாறுதல் பெற்றுச் செல்பவர் எண்ணிக்கையைக் காட்டிக் கையொப்பம் பெறுகிறார். வருபவர் எண்ணிக்கை சரியாயிருந்தால் கையொப்பம் இடுகிறார். பாட்டிலுக்குள் இருப்பது இப்போது என்ன நிலையில் உள்ளது என்பதைக் கேட்கும் நிரல் பதிவேட்டில் இல்லை.

வேதிப்பொருள் நாற்காலி அன்று. அலமாரியில் இருந்தபடியே அது மாறும். பிக்ரிக் அமிலம் நீரில் நனைந்த நிலையில் விற்கப்படுகிறது. ஆண்டுகள் கடந்து நீர் ஆவியாகி உலர்ந்துவிட்டால் அதிர்ச்சிக்கும் உராய்வுக்கும் வெடிக்கும் பொருளாகிறது. மூடியின் மரைகளில் படிந்த படிகம் திறக்கும்போதே வினை புரியலாம். ஈதர் காற்றுடன் சேர்ந்து பெராக்சைடுகளை உருவாக்குகிறது. ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் கரணியைப் புதிதாகத் தயாரித்து உடனே பயன்படுத்த வேண்டும். மீதியை ‘நாளைய அணிக்கு’ என்று எடுத்து வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் அதில் உருவாகக்கூடும். செறிந்த அம்மோனியாக் கரைசலின் நிலை நம் தட்பவெப்பத்திற்கே உரியது. கோடை விடுமுறையில் பூட்டிய அறையில் வெப்பம் ஏற, பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் பெருகுகிறது. ஜூன் மாதத்தில் முதன்முறை மூடியைத் திருகுபவரின் முகத்தில் அது பீறிடும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு பிரித்தானியாவில் உள்ளது. அங்குப் பள்ளி ஆய்வகங்களுக்கு அறிவுரை வழங்கும் கிளீப்ஸ் என்னும் அமைப்பு, 2016ஆம் ஆண்டின் இறுதியில், 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் என்னும் பொருளின் இருப்பைச் சரிபார்க்குமாறு பள்ளிகளுக்கு நினைவூட்டியது. உலர்ந்தால் வெடிக்கக்கூடிய அப்பொருள் உலர்ந்த நிலையில் பல பள்ளிகளில் இருப்பது தெரியவந்தது. வெடிபொருள்களைச் செயலிழக்கச் செய்யும் படைப்பிரிவினர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குச் செல்ல நேர்ந்தது. இதனைப் பீதி என்று எள்ளியவர்களும் உண்டு. மாணவர் எவரும் காயமுறும் முன்னரே, ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதை விடுத்து ‘எந்நிலையில் இருக்கிறது’ என்று கேட்டதால் கிடைத்த விளைவு அது என்பதே இங்கு நோக்கத்தக்கது. கார்பனைல் தொகுதியை அறிய நம் கரிமப் பகுப்பாய்வில் பயன்படுத்தும் போர்ஷ் கரணியும் இதே பொருளிலிருந்து தயாரிக்கப்படுவதே.

அடுக்கும் முறையிலும் பதிவேட்டின் நிழல் விழுகிறது. சரிபார்ப்பிற்கு எளிதாகப் பாட்டில்கள் அகரவரிசையிலோ, ‘அமிலங்கள்’, ‘உப்புகள்’ என்னும் இனவாரியாகவோ அடுக்கப்படுகின்றன. அமிலம் என்னும் பெயரொற்றுமையால் நைட்ரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் அருகருகே நிற்கின்றன. முன்னது வலிய ஆக்சிஜனேற்றி. பின்னது எரியக்கூடிய கரிமப் பொருள். பெயரைப் பார்த்து அடுக்காமல் வினையைப் பார்த்து அடுக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் அண்மையில் வைக்கப்பட்டிருந்தால், சுற்றியுள்ள பாட்டில்களின் மேல் வெண்துகள் படிந்திருக்கும். அது தூசி அன்று, அம்மோனியம் குளோரைடு. எந்த வினாநிரலும் இன்றி, விரலால் தடவிப் பார்த்தே ஒரு மதிப்பீட்டாளர் இதனை அறியலாம். பெயரொட்டியின் மேல் உருக்கிய மெழுகைப் பூசிவைக்கும் பழைய ஆசிரியர்களின் வழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அமிலப் புகையாலும் பூச்சியாலும் எழுத்து அழியாதிருக்க அவர்கள் கண்ட வழி அது.

பதிவேட்டில் இரு நிரல்களைக் கூட்டினால் நிலைமை மாறத் தொடங்கும்: திறந்த நாள், இறுதியாகப் பயன்படுத்திய நாள். ஐந்தாண்டுகளாகப் பயன்படாத பொருள் கழிக்கத்தக்கது என்று தலைமையாசிரியரே முடிவெடுக்கும் அதிகாரமும் உடன் வேண்டும். ஆனால் கழிப்பது எங்கே என்ற வினா அப்போதும் நிற்கிறது. தீங்குறு கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சாலைகளை முதன்மையாகக் கருத்திற்கொண்டவை. 200 கிராம் கொண்ட ஒரு பாட்டிலைச் செயலாக்க வளாகத்திற்குக் கொண்டுசெல்லும் எளிய நடைமுறை பள்ளிக்கு இல்லாதவரை, கழிநீர்த் தொட்டியும் பள்ளியின் பின்புறக் குழியுமே வழியாகின்றன. மாவட்ட அளவில் ஆண்டுக்கு ஒருமுறை வண்டி ஒன்று பள்ளிகளைச் சுற்றி வந்து இவற்றைச் சேகரிப்பது இயலாத காரியமன்று. விடைத்தாள்கள் அவ்வாறுதான் ஆண்டுதோறும் காவலுடன் பயணம் செய்கின்றன.

செய்முறைத் தேர்வின் பங்கு

மேல்நிலை வகுப்பில் வேதியியலுக்குரிய 100 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்விற்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டிற்கு 10 என ஒதுக்கப்பட்டுள்ளது. செய்முறைக்குரிய மதிப்பெண் முடிவின் சரிமையையும் படிநிலைகளையும் பற்றியது. மாணவர் எவ்வாறு பணியாற்றினார் என்பதற்கு அதில் இடம் மிகக் குறைவு. தேர்வு எதனை அளக்கிறதோ அதனையே வகுப்பறை கற்பிக்கும் என்பது கல்வியியலில் பலரும் உணர்ந்த உண்மை. பாதுகாப்பின் நிலையும் அதுவே.

பருமனறி பகுப்பாய்வில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சி நிரப்பும் பழக்கம் இதற்குத் தக்க சான்று. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் பியூரெட்டில் பெர்மாங்கனேட் இருக்க, பிப்பெட்டில் எடுக்கப்படுவது ஆக்சாலிக் அமிலக் கரைசல், அது நச்சுப்பொருள். ரப்பர் உறிஞ்சி விலை மலிந்த கருவிதான். எனினும் அதனைக் கொண்டு கீழ்ப்பிறையைக் குறியில் நிறுத்தப் பழக்கம் வேண்டும். முதல் சில முறை நேரமாகும். மூன்று இசைவான அளவீடுகளை எடுத்தாக வேண்டிய மாணவர்க்கு வாயே விரைவான கருவியாகத் தோன்றுகிறது. இதனை மாணவரின் கவனக்குறைவு என்று கூறுவது எளிது. உண்மையில் அது தேர்வின் நேரக்கணக்கு.

பண்பறி பகுப்பாய்வில் நிலைமை இதனினும் சிக்கலானது. குளோரைடை உறுதிசெய்யும் குரோமைல் குளோரைடு சோதனையில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். வெளிவரும் செந்நிற ஆவி அரிப்புத் தன்மையுடையது. அதிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவதென உறுதிசெய்யப்பட்டது. இதே குளோரைடைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் தோன்றும் வெண்ணிற வீழ்படிவும் காட்டிவிடுகிறது. அவ்வீழ்படிவு அம்மோனியாவில் கரைவது முடிவை உறுதிப்படுத்துகிறது. இரண்டாவது சோதனை போதுமாயிருக்க முதலாவது எதற்கு என்பது பாதுகாப்பு மதிப்பீட்டின் முதன்மை வினாவாக அமைய வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் அத்தகையது. அழுகிய முட்டை நாற்றத்தால் அதனை அறியலாம் என்று பாடம் சொல்கிறது. செறிவு உயரும்போது மூக்கின் உணர்திறன் மரத்துப்போய் நாற்றமே தெரியாமற்போகும் என்பதையும் அப்பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாற்றம் நின்றதை வாயு நீங்கியதாகக் கொள்பவர் அங்கேயே நிற்பார்.

வேதியியல் பாதுகாப்புக் கல்வியில் ராபர்ட் ஹில், டேவிட் ஃபின்ஸ்டர் ஆகியோர் முன்வைத்த வரிசை இங்குப் பயனுடையது: இடரை இனங்காணல், அதன் அளவை மதிப்பிடல், அதனைக் குறைத்தல், எதிர்பாராததற்கு ஆயத்தமாதல். நம் படிவங்கள் நான்காவது படியிலிருந்து தொடங்கி அங்கேயே முடிகின்றன. தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் நேர்ந்த பின் பயன்படுபவை.

மூன்றாம் படியின் இன்றியமையாமையை நியூயார்க் நகரின் பீக்கன் உயர்நிலைப் பள்ளியில் 2014ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த விபத்து உணர்த்தும். உலோக உப்புகள் வெவ்வேறு நிறச் சுடர் தருவதைக் காட்ட மெத்தனால் பயன்படுத்தப்பட்டது. செயல்விளக்கத்தின் நடுவே பெரிய கலனிலிருந்து மீண்டும் மெத்தனால் ஊற்றப்பட, தீ கலனுக்குத் தாவி மாணவர்மேல் பாய்ந்தது. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம், எரியும் நீர்மத்தைப் பெருங்கலனோடு செயல்விளக்க மேசைக்குக் கொண்டுவரலாகாது என்பதை வலியுறுத்தியது. மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 11 பாகை செல்சியசு. சமவெளித் தமிழ்நாட்டு ஆய்வகம் ஆண்டு முழுவதும் அதற்கு மேற்பட்ட வெப்பத்திலேயே இருக்கிறது. நம்மிடம் வானவில் செயல்விளக்கம் பரவலாக இல்லாதிருக்கலாம். ஆனால் சூடு ஆறாத ஸ்பிரிட் விளக்கில் பாட்டிலிலிருந்து நேரே ஸ்பிரிட்டை ஊற்றும் பழக்கம் அதே விபத்தின் சிறிய வடிவம்.

இடப்பரப்பைப் பற்றி ஒன்று கூறி அமையலாம். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் தன் இணைப்புப் பள்ளிகளின் அறிவியல் ஆய்வகத்திற்குக் குறைந்தது 600 சதுர அடி வேண்டுமென்கிறது. தனி ஆய்வகத்தில் மாணவர் ஒருவர்க்கு 45 சதுர அடி என்பது அமெரிக்கத் தேசிய அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் அளவு. அவ்வளவுகோலின்படி 600 சதுர அடியில் 13 பேர் பணியாற்றலாம். அயல்நாட்டு அளவை அப்படியே பொருத்த வேண்டுவதில்லை. இருபது பேர் கொண்ட அணியை இன்னும் சிறிதாக்க அட்டவணையில் இடமுண்டா என்று கேட்பதற்கு இக்கணக்கு போதும்.

ஆய்வக உதவியாளரின் அறிவு

மேற்கண்ட யாவற்றையும் நாள்தோறும் கையாள்பவர் ஆய்வக உதவியாளர். அமிலத்தை நீர்க்கச் செய்பவரும், கரணிகளைத் தயாரிப்பவரும், உடைந்த கண்ணாடியை அள்ளுபவரும், மாணவர் வெளியேறிய பின் கழிவுத் தொட்டியைக் கழுவுபவரும் அவரே. 2015ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 4362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடைபெற்றது. அதற்குரிய குறைந்தபட்சக் கல்வித்தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இத்தகுதியைக் குறை கூறுதல் இங்கு நோக்கமன்று. அத்தகுதியோடு வருபவர் அடர் கந்தக அமிலத்தை முதன்முறை எங்கே, எவரிடமிருந்து கையாளக் கற்கிறார் என்பதே வினா. நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரைச் சேர்க்கலாகாது என்பதை முன்னவர் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் அறிவார். முன்னவர் இடம் காலியாகி ஈராண்டு கழித்து அவர் சேர்ந்திருந்தால்?

பாதுகாப்பு மதிப்பீட்டு ஆய்வுகளில் வினாநிரல் இவரிடம் செல்வது அரிது. சென்றாலும், தலைமையாசிரியரின் மேசை வழியாகச் சென்று அவ்வழியே திரும்புகிறது. சிறு தீக்காயம், நூலிழையில் தப்பிய நிகழ்வு ஆகியவை எழுதப்படாமற் போவதற்கும் காரணம் இதுவே. எழுதினால் விளக்கம் கேட்கப்படுவது எழுதியவரிடம்தான். தப்பிய நிகழ்வுகளைப் பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்யும் ஏடு ஒன்று ஆய்வகத்தில் இருக்குமாயின், ஓராண்டில் அவ்வேட்டின் பக்கங்கள் நிரம்புவதை நல்ல மேலாண்மையின் அடையாளமாகவே கொள்ள வேண்டும். வெற்றேடு ஐயத்திற்குரியது.

ஆய்வகத்திற்கு மதிப்பீடு செய்யச் செல்வோர், ஆசிரியர் உடனில்லாதபோது, உதவியாளரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எரிவாயுவின் தலைவால்வு எங்கே, அதனை மூடிக் காட்ட இயலுமா? மாணவர் கண்ணில் அமிலம் தெறித்தால் முதலில் செய்வது என்ன, எவ்வளவு நேரம்? இந்த அறையில் திறப்பதற்கு நீங்கள் அஞ்சும் பாட்டில் எது? முதல் இரண்டிற்கும் தயங்கிய விடை வரலாம். மூன்றாவதற்கு உதவியாளர் பெரும்பாலும் தயங்குவதில்லை; மேல்தட்டின் மூலையைச் சுட்டிக்காட்டுவார். அப்பாட்டில் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டின் வரவாக உள்ளது என்று தேடுவதிலிருந்து அன்றைய மதிப்பீட்டைத் தொடங்கலாம்.